எதைத் தாண்டலாம், எங்கே நிற்கலாம்: நீளமான அனிமே தொடரைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

போன கோடை விடுமுறைக்கு என் அக்கா மகள் கோபியிலிருந்து வந்து பல்லடத்தில் எங்கள் வீட்டில் மூன்று வாரம் இருந்தாள். வந்த அன்று மாலையே போனை என்னிடம் நீட்டினாள். நருட்டோ என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரில் 150-ஆவது எபிசோடைத் தாண்டியிருந்தாள். முகத்தில் களையே இல்லை.

"கதை எங்கயோ போயிருச்சுங் மாமா. நல்லாத்தான இருந்துச்சு, இப்பப் பார்க்கவே புடிக்கலைங். இத்தோட விட்டறட்டுங்களா?"

விட்டுவிடாதே கண்ணு, நீ நிற்கிற இடம் அப்படி என்று சொன்னேன். அப்புறம் அந்த மூன்று வாரமும் இருவரும் உட்கார்ந்து ஒரு கோடு போட்ட நோட்டை வைத்துக்கொண்டு பார்த்தோம். அந்த நோட்டில் இருந்துதான் இதை எழுதுகிறேன். நல்ல தொடர்களைப் பாதியில் விட்டவர்களிடம் எங்கே விட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நிறையப் பேருக்கு அது இப்படிப்பட்ட ஓர் இடமாகத்தான் இருக்கும். கடந்து போக வழி இருக்கிறது. ஆனால் 'ஃபில்லர்' (இடத்தை நிரப்பப் போடுவது) என்ற ஒரே சொல்லால் நாம் திட்டுவது நான்கு வேறு வேறு சங்கதிகளை. அவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகினால்தான் எதைத் தாண்டுவது, எங்கே நிற்பது என்று தெரியும்.

முதலில், ஃபில்லர் ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நருட்டோ, ப்ளீச், ஒன் பீஸ் மூன்றுமே ஜப்பானில் ஒரே வார இதழில் மாங்காவாக, அதாவது படக்கதையாக, வந்த கதைகள். வாரத்துக்கு ஓர் அத்தியாயம், ஏறக்குறைய 19 பக்கம். விடுமுறை வாரங்கள் போக ஆண்டுக்கு 48 அத்தியாயம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கதை தொலைக்காட்சியில் வாரத்துக்கு ஓர் எபிசோடாக ஓடுகிறது. ஓர் எபிசோடு நல்ல வேகத்தில் போக வேண்டுமென்றால் இரண்டு அத்தியாயமாவது வேண்டும். ஆக, ஆண்டுக்கு நூறு அத்தியாயம் செலவு, வரவு 48.

நருட்டோ மாங்கா 1999-இல் தொடங்கியது; அனிமே 2002 அக்டோபரில். மூன்றாண்டுச் சரக்கு கையிருப்பு. அதை வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். 135-ஆவது எபிசோடில் 238-ஆவது அத்தியாயம் முடிந்துவிட்டது. மாங்காவை எட்டிப் பிடிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் தறி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தறி ஓடும் வேகத்துக்குப் பாவு நூல் வந்து சேரவில்லை என்றால் தறியை நிறுத்திப் போடுவார்கள். தொலைக்காட்சியில் அப்படி நிறுத்த முடியவில்லை. அந்தக் கிழமை, அந்த அரைமணி நேரம் அவர்களுடையது. விட்டால் வேறொரு நிகழ்ச்சி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் மாங்காவில் இல்லாத கதைகளைத் தாங்களே எழுதி ஓட்டினார்கள். நருட்டோவில் 136 முதல் 219 வரை கிட்டத்தட்ட எல்லாமே அப்படி ஓட்டியதுதான். 84 எபிசோடு. ஓர் எபிசோடுக்கு 23 நிமிடம் என்று போட்டாலும் 32 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. என் அக்கா மகள் சிக்கிக்கொண்டு நின்ற இடம் இதற்குள்தான்.

வேறு வழிகளும் இருந்தன. ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் 2003-இல் வந்தபோது மாங்கா முடிந்திருக்கவில்லை. அனிமேக்காரர்கள் பாதிக்கு மேல் தங்கள் சொந்தக் கதையில் இறங்கி 51 எபிசோடில் முடித்தார்கள். 2009-இல் மாங்காவை ஒட்டியே மறுபடி எடுத்தது பிரதர்ஹுட், 64 எபிசோடு. இப்போது வரும் தொடர்கள் பெரும்பாலும் சீசன் முறைக்குப் போய்விட்டன. 12 அல்லது 24 எபிசோடு ஓடும், பிறகு நிற்கும், சரக்குச் சேர்ந்தபின் திரும்ப வரும். டீமன் ஸ்லேயர் 2019-இல் 26 எபிசோடோடு நிறுத்திக்கொண்டது அந்தக் கணக்குத்தான். ஒன் பீஸ்கூட 1999-இலிருந்து வாரா வாரம் ஓடியபின், 2026 முதல் ஆண்டுக்கு அதிகபட்சம் 26 எபிசோடு என்று அறிவித்திருக்கிறது.

ஆகவே தொடரை எடுத்தவுடன் பார்க்க வேண்டியது இரண்டு. மாங்காவில் இருந்து வந்ததா, நேராகத் தொலைக்காட்சிக்கே எழுதியதா? வாரா வாரம் ஓடியதா, சீசன் சீசனாக வந்ததா? மாங்காவில் இருந்து வந்து வாரா வாரம் ஓடியது என்றால் நோட்டை எடுங்கள். சீசன் முறை என்றால் நோட்டு வேண்டாம். நேராக உட்கார்ந்து பாருங்கள்.

ஒரு யோசனை: இதுவரை அனிமேவே பார்க்காதவர் என்றால் நீளமானதில் தொடங்காதீர்கள். முதலில் பிரதர்ஹுட் பாருங்கள். ஒழுங்கான வேகத்தில் போகும் கதை எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிட்டால், மற்ற இடத்தில் வேகம் குறையும்போது தானாகவே தெரியும்.

இரண்டாவது, நான்கையும் பிரித்துப் பழகுங்கள்

ஒன்று, அசல் ஃபில்லர். மாங்காவில் இல்லவே இல்லாத கதை.

இரண்டு, இழுவை. கதை மாங்காவில் இருப்பதுதான். ஆனால் ஓர் அத்தியாயத்துக் கதையை ஓர் எபிசோடு முழுக்க இழுப்பது. முறைத்துப் பார்க்கும் முகங்கள், திரும்பத் திரும்ப அதே ஃப்ளாஷ்பேக், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் சுற்றி நிற்பவர்கள் ஒவ்வொருவராக ஆச்சரியப்படுவது. நம் வீட்டு சீரியலில் பார்க்காததா?

மூன்று, ரீகேப். பழைய காட்சிகளைத் தொகுத்துப் போட்டு ஓர் எபிசோடு. நருட்டோவில் 26-ஆவது அப்படித்தான். இதைத் தயங்காமல் தாண்டலாம். அதற்குமேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ரொம்ப நாள் இடைவெளி விட்டுத் திரும்ப வந்தவர்களுக்கு மட்டும் உதவும்.

நான்கு, நான் மூச்சு எபிசோடு என்று சொல்வது. கதை ஓர் அடிகூட நகராது. ஆனாலும் தாண்டக் கூடாது. இதைத்தான் புதியவர்கள் ஃபில்லரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் அதிகம் என்பதால் கீழே தனியாகவே எழுதுகிறேன்.

பட்டியல் எதுவும் கையில் இல்லாமலே அசல் ஃபில்லரைக் கண்டுபிடிக்கலாம். போன எபிசோடில் பெரிய விஷயம் ஒன்று நடந்திருக்கும். இந்த எபிசோடில் அதைப் பற்றி ஒருத்தரும் பேச மாட்டார்கள். புதிதாக ஓர் ஊர், அங்கே ஒரு துயரத்தோடு ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு எதிரி. நாயகன் போன வாரம் உயிரைக் கொடுத்துக் கற்ற வித்தையைப் பயன்படுத்தவே மாட்டான். முக்கியமானவர்கள் ஒருத்தருக்கும் நிலையான காயமோ இழப்போ வராது. நான்கைந்து எபிசோடில் எல்லாம் முடிந்து அந்த ஊருக்கு டாட்டா காட்டிவிட்டு வருவார்கள். அதன் பிறகு அந்த ஊர்ப் பெயரைத் தொடர் முழுக்க யாரும் எடுக்க மாட்டார்கள். இதில் மூன்று அடையாளம் பொருந்தினால் சந்தேகமே வேண்டாம்.

மூன்றாவது, நோட்டுப் போடுங்கள்

என் அக்கா மகள் வைத்திருந்த நோட்டில் பக்கத்தின் இடது ஓரத்தில் எபிசோடு எண், பக்கத்தில் ஒரு குறி, அதற்குப் பக்கத்தில் ஒரே வரி. குறிகளை அவளே வகுத்தாள். மூலக்கதைக்கு 'மூ', இழுவைக்கு 'இ', ரீகேப்புக்கு 'ரீ', மூச்சு எபிசோடுக்கு ஒரு சின்ன வட்டம். ஃபில்லருக்கு ஆய்த எழுத்து. 'ஃ'-இல் தொடங்கும் சொல்லுக்கு 'ஃ' என்று அவளுக்குத் தோன்றியது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அந்த நோட்டில் 101-ஆவது எபிசோடுக்கு எதிரே 'ஃ' போட்டு, அதைச் சுற்றியே ஒரு வட்டமும் போட்டிருக்கிறாள். பக்கத்து வரி: "ககாஷி சார் முகமூடிக்குள்ள என்ன. வயிறு வலிக்கச் சிரிச்சோம்."

அந்த ஒரு குறியில் பெரிய விஷயம் இருக்கிறது. மாங்காவில் இல்லை என்பதால் மட்டும் ஓர் எபிசோடு கெட்டுப்போய்விடாது. ஆசிரியர் ககாஷியின் முகமூடியைக் கழற்றிப் பார்த்தே தீர வேண்டும் என்று மூன்று பிள்ளைகள் ஒரு நாள் முழுக்க அலைகிற கதை அது. அந்த மூவரும் சேர்ந்து சிரித்த நாட்கள் அந்தத் தொடரில் குறைவு. பின்னால் அவர்கள் பிரியும்போது மனதில் வந்து நிற்பது இந்த நாள்தான். அடுத்து வரும் 102 முதல் 106 வரையும் ஃபில்லர்தான். அதை நாங்கள் தாண்டிவிட்டோம், இன்றுவரை ஒன்றும் குறையவில்லை.

நான்காவது, பட்டியலை நம்புங்கள். ஆனால் மூன்று இடத்தில் கவனம்

எந்தத் தொடருக்கும் எந்தெந்த எண் ஃபில்லர் என்று ரசிகர்கள் தொகுத்த பட்டியல் இணையத்தில் கிடைக்கும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனாலும் நாங்கள் ஒரு தரம் தடுக்கி விழுந்தோம். அவள் தான் நின்ற இடத்தில் இருந்து 220 வரை மொத்தமாகத் தாண்டி, நருட்டோவின் இரண்டாம் பகுதியான ஷிப்புடெனின் முதல் எபிசோடை நேராகப் போட்டுவிட்டாள். அதில் நருட்டோ இரண்டரை ஆண்டு கழித்து ஊருக்குத் திரும்பி வருகிறான்.

"இவன் எப்பங் மாமா ஊரை விட்டுப் போனான்?"

போனது 220-இல். முதல் பகுதியின் கடைசி எபிசோடு அது. மூலக்கதைக்குத் திரும்புகிற தையல் அங்கேதான் இருக்கிறது. எனவே ஒரு பெரிய கதை முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வரும் நீளமான ஃபில்லர் வரிசை என்றால் அதன் கடைசி எபிசோடைத் தாண்டாதீர்கள். முழுக்க ஃபில்லராகவே இருந்தாலும் 23 நிமிடம்தான் நஷ்டம்.

இரண்டாவது கவனம், பாதி மூலமும் பாதி சொந்தச் சரக்கும் கலந்த எபிசோடுகள். பட்டியலில் 'கலப்பு' என்று குறித்திருப்பார்கள். 141, 142 அப்படிப்பட்டவை. முதல் தரம் பார்க்கும்போது கலப்பு எதையும் தாண்ட வேண்டாம்.

மூன்றாவது, எண். பட்டியலில் எண் முதலில் இருந்து கடைசி வரை ஒரே ஓட்டமாகப் போகும். செயலிகளில் சீசன் சீசனாகப் பிரித்து ஒவ்வொரு சீசனுக்கும் ஒன்றில் இருந்து தொடங்கியிருப்பார்கள். சீசன் 3-இல் 12-ஆவது எபிசோடு மொத்தக் கணக்கில் எத்தனையாவது? கூட்டிப் பார்க்கும்போது ஒன்று தவறினாலும் எல்லாம் தவறிவிடும். எண்ணை விட்டுவிட்டு எபிசோடின் தலைப்பை ஒப்பிட்டுப் பாருங்கள். 2022-இல் சோனி யாய் சேனலில் நருட்டோ தமிழில் வந்தபோது பார்க்கத் தொடங்கிய பிள்ளைகள் நிறைய. சேனலில் பார்க்கும்போது தாண்டும் வசதி இல்லை. அன்றைக்கு எது ஓடுகிறதோ அதுதான். அவர்களும் இந்தத் தலைப்பு ஒப்பீட்டைச் செய்துகொண்டால், எந்த நாள் தவறவிட்டாலும் பரவாயில்லை, எந்த நாள் தவறவிடக் கூடாது என்று முன்கூட்டியே தெரியும்.

ஃபில்லர் வருகிற இடம்

தனிக் கதையாகப் பார்த்தால் சுமாராக இருக்கும் ஃபில்லர்கூட, வைத்த இடம் தப்பாகப் போனால் மூலக்கதையைக் காயப்படுத்திவிடும். ஷிப்புடெனில் ஓர் இடம். 133-ஆவது எபிசோடில் நருட்டோவுக்கு மிக நெருக்கமான ஒருவர் இறந்துபோகிறார். யாரென்று சொல்ல மாட்டேன். பார்க்கிற நமக்குத் தெரிந்துவிட்டது; அவனுக்குத் தெரியாது. அந்தச் செய்தி அவன் காதில் விழுவது 152-இல். நடுவில் வேறொரு பெரிய சண்டை வருகிறது, அது மூலக்கதை, நன்றாகவே இருக்கும். ஆனால் 144 முதல் 151 வரை எட்டு எபிசோடு அசல் ஃபில்லர். அதில் அவன் இன்னொரு ஊரில், இன்னொரு பெண்ணுக்கு உதவிக்கொண்டிருக்கிறான். நம் மனதில் சாவு வீட்டுப் பாரம் இருக்கிறது. திரையில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. முதல் தரம் அதை வரிசையாகப் பார்த்தபோது அந்தப் பாரம் எட்டு எபிசோடில் கரைந்துபோய்விட்டது; 152 வந்து சேர்ந்தபோது அழ வேண்டிய இடத்தில் எனக்கு அழுகை வரவில்லை. இரண்டாம் தரம் அக்கா மகளோடு 143-இல் இருந்து நேராக 152-க்குப் போனேன். இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அவள் நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே ஒன்றுமே எழுதவில்லை.

ப்ளீச்சிலும் இப்படி ஒன்று. எதிரியின் கோட்டைக்குள் புகுந்து ஆளுக்கொரு பக்கம் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும்போது 167-ஓடு கதை நிற்கும். 168 முதல் 189 வரை சம்பந்தமே இல்லாமல் புதிதாக ஒரு கேப்டன் வந்து சேரும் கதை ஓடும். அதை அங்கேயே பார்க்காதீர்கள். 167 முடிந்தவுடன் 190-க்குப் போய்விடுங்கள். 64 முதல் 108 வரை இருப்பதும் ஃபில்லர்தான், ஆனால் அது ஒரு பெரிய கதை முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வருவதால் அந்த அளவுக்குக் கெடுக்காது. 109-ஐ மேலே சொன்ன விதிப்படி பார்த்துவிட்டு 110-இல் சேர்ந்துகொள்ளலாம்.

இழுவைக்கு மருந்து வேறு

ஒன் பீஸுக்கு வருவோம். அதில் அசல் ஃபில்லர் குறைவு. நோய் வேறு. தொடக்கத்தில் அர்லாங் பார்க் பகுதியைப் பாருங்கள்: மாங்காவில் 69 முதல் 95 வரை 27 அத்தியாயம், அனிமேயில் 31 முதல் 44 வரை 14 எபிசோடு. எபிசோடுக்கு இரண்டு அத்தியாயம். மூச்சுவிடாமல் பார்க்கலாம். பின்னால் டிரெஸ்ரோசா: 700 முதல் 801 வரை 102 அத்தியாயம், 629 முதல் 746 வரை 118 எபிசோடு. எபிசோடுக்கு ஓர் அத்தியாயம்கூட இல்லை. ஃபில்லர் போடுவதற்குப் பதில், இருக்கிற கதையிலேயே தண்ணீர் சேர்த்துவிட்டார்கள்.

இதற்குப் பட்டியல் உதவாது, ஏனென்றால் எல்லா எண்ணும் 'மூலக்கதை' என்றுதான் இருக்கும். ஒரு தரம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பாருங்கள். தொடக்கப் பாட்டே பல ஆண்டுகள் இரண்டரை நிமிடம் ஓடியது. அதன் பின் முன்கதை. அதன் பின் போன எபிசோடின் கடைசிக் காட்சி அப்படியே மறுபடி. புதிய கதை தொடங்கும்போது ஐந்தாறு நிமிடம் போயிருக்கும். இரண்டு மூன்று எபிசோடில் இதைக் குறித்துக்கொண்டால் எந்த நிமிடத்தில் நுழைய வேண்டும் என்று கை பழகிவிடும். அங்கே நுழைந்து, மூன்று எபிசோடை ஒரே அமர்வில் பாருங்கள். வாரம் ஒன்றாகப் பார்த்தால் இழுவையாகத் தெரிவது, சேர்த்துப் பார்க்கும்போது ஓரளவு ஓடும்.

வேகத்தை ஒன்றரை மடங்கு வைத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். வேகம் கூடும்போது இசையும் குரலும் கெடும். இழுவையோடு சேர்த்து நல்ல மௌனங்களும் போய்விடும். அதற்குப் பதில், ரொம்ப இழுக்கிற பகுதியை மட்டும் மாங்காவில் படித்துவிட்டுப் பெரிய சண்டைக்கு அனிமேவுக்குத் திரும்புங்கள். டிராகன் பால் ஸீக்கு இந்தச் சிரமமே இல்லை. 291 எபிசோடு ஓடிய தொடர் அது. கிரகம் ஐந்து நிமிடத்தில் வெடித்துவிடும் என்று வில்லன் சொன்ன பிறகு சண்டை எத்தனையோ எபிசோடுக்கு நீளும். 2009-இல் அதையே வெட்டிச் செதுக்கி 'காய்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். முதல் 194 எபிசோடின் கதை அதில் நூறு எபிசோடுக்குள் அடங்கிவிட்டது. புதியவர்கள் காயில் தொடங்கலாம். ஒன்றே ஒன்றை மட்டும் பழையதில் தேடிப் பாருங்கள்: 125-ஆவது எபிசோடு. உலகத்தையே காப்பாற்றுகிற இருவர் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறார்கள், வீட்டுக்காரம்மா சொன்னார் என்று. அதுவும் ஃபில்லர்தான். நோட்டில் ஆய்தமும் வட்டமும் சேர்த்துப் போட்டோம்.

மூச்சு எபிசோடு: இங்கே நில்லுங்கள்

எங்கள் அப்பாரு (தாத்தா) சின்ன வயதில் அண்ணன்மார் கதை கேட்கப் பக்கத்து ஊர் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) நடந்தே போவாராம். பொன்னர், சங்கர், தங்காள் கதை. உடுக்கையை அடித்துக்கொண்டு பாட்டுக்காரர் இரவு இரவாகப் பாடுவார். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். படுகளத்தில் என்ன ஆகும் என்று தெரியாதவர் கூட்டத்தில் ஒருத்தர்கூட இருக்க மாட்டார். ஆனாலும் அவர்களின் தாய் தாமரை பிள்ளை இல்லாமல் தவிக்கிற இடத்தில் பாட்டுக்காரர் நின்றுவிடுவாராம். கதை அங்கே நகராது. அழுகைப் பாட்டு ஒன்று முடிந்து இன்னொன்று. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். "அந்தப் பாட்டக் கேட்டவனுக்குத்தான் படுகளத்துல அந்தப் பசங்க சாயறப்ப நெஞ்சு வலிக்கும்" என்பார் அப்பாரு.

அதே கதையை 26 எபிசோடு கார்ட்டூனாகவும் எடுத்திருக்கிறார்கள் என்பது இங்கேயே நிறையப் பேருக்குத் தெரியாது. 1960-களில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்து, உடுக்கைப் பாட்டுக்காரர் பாடியதை ஒலிநாடாவில் பதிந்த பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் உருவாக்கியது. பல இரவுப் பாட்டு 26 அரைமணி நேரத்துக்குள் வர வேண்டும். எதை வைப்பது, எதை விடுவது? நருட்டோக்காரர்களுக்குச் சரக்குப் பற்றாக்குறை. இங்கே சரக்கு கொட்டிக் கிடக்கிறது, இடம்தான் இல்லை. வேகம் என்பது இரண்டு பக்கமும் தவறக்கூடியது என்று எனக்குப் புரிந்தது இதை யோசித்தபோதுதான்.

அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டரில் இப்படி ஓர் எபிசோடு இருக்கிறது. 2005 முதல் 2008 வரை வந்த 61 எபிசோடு தொடர். நேராகத் தொலைக்காட்சிக்கே எழுதியது என்பதால் மூலக்கதை, ஃபில்லர் என்ற பிரிவே அதில் கிடையாது. இரண்டாம் பாகத்தின் 15-ஆவது எபிசோடில் ஆளுக்கொரு சின்னக் கதையாக ஆறு கதை வருகிறது. ஐரோ என்ற கிழவர் ஊருக்குள் நடந்து போகிறார். அழுகிற ஒரு குழந்தைக்குப் பாடிக் காட்டிச் சிரிக்க வைக்கிறார். தன்னையே கொள்ளையடிக்க வந்தவனுக்கு, நீ நிற்கிற நிலை சரியில்லை என்று கால் வைக்கச் சொல்லிக் கொடுத்து, உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்துப் பேசுகிறார். நாள் முழுக்கச் சின்னச் சின்னதாக ஏதோ வாங்கிக்கொண்டே போகிறார். எதற்கென்று தெரியாது. பொழுது சாயும்போது ஒரு மேட்டில் மரத்தடிக்குப் போய், போரில் இறந்துபோன மகனின் படத்தை வைத்து, வாங்கியதையெல்லாம் முன்னால் படைக்கிறார். அன்று மகனின் பிறந்தநாள். குழந்தைக்குப் பாடிய அதே பாட்டை இப்போது பாடுகிறார், பாட முடியாமல் குரல் உடைகிறது. நான்கு நிமிடம் இருக்கும். போர் ஓர் அங்குலம் நகரவில்லை. பின்னால் அவர் செய்கிற ஒவ்வொரு காரியத்துக்கும் அடியில் இந்த நான்கு நிமிடம் இருக்கும்.

இதைத் தாண்டிவிட்டேன் என்று யாராவது சொன்னால் எனக்கு உண்மையாகவே மனது கஷ்டப்படும். எனவே விதி இது: புதிய ஊர், புதிய எதிரி என்று வந்தால் தாண்ட யோசிக்கலாம், நமக்குத் தெரிந்த ஆட்கள் சண்டை இல்லாமல் சும்மா ஒரு நாளைக் கழிக்கிறார்கள் என்றால் நில்லுங்கள்.

நீளமான ஃபில்லர் கதைகளிலும் நிற்க வேண்டியவை உண்டு. ஒன் பீஸில் 196 முதல் 206 வரை. வானத்துத் தீவில் இருந்து கப்பல் கீழே விழுகிறது, விழுந்த இடம் கடற்படைக் கோட்டைக்குள். கப்பலில் இருந்தவர்கள் சிதறி ஆளுக்கொரு வேஷத்தில் ஒளிந்துகொள்கிறார்கள். கப்பலின் சமையல்காரன் சாஞ்சி நேராக அந்தக் கோட்டையின் சமையற்கட்டுக்குள் போய் நிற்கிறான். வேறெங்கே போவான்? ஒவ்வொருத்தரும் அவரவர் குணப்படி நடந்துகொள்கிறார்கள். கோட்டைத் தளபதியும் மடையர் இல்லை. எழுதியவர்கள் அந்த ஆட்களை நன்றாகத் தெரிந்து எழுதியிருக்கிறார்கள். ஃபில்லர் என்று சொல்லாமல் காட்டினால் கண்டுபிடிக்க முடியாது.

கடைசியாக, முடித்த பிறகு

மூலக்கதை முழுக்க முடிந்தவுடன் ஒரு வெறுமை வரும். தாண்டிவந்த ஃபில்லர்களுக்கு நேரம் அதுதான். அவசரம் இல்லை, அடுத்து என்ன என்ற தவிப்பு இல்லை, அந்த ஆட்களை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும் என்றிருக்கும். நோட்டைப் புரட்டி ஆய்தம் போட்டவற்றில் ஒன்றை எடுங்கள்.

ஷிப்புடெனில் என்றால் 349 முதல் 361 வரை, ககாஷியின் இளமைக் காலம். ஆனால் 345 முடியும் முன் இதைத் தொடாதீர்கள். பெரிய ரகசியம் ஒன்று உடைந்துவிடும். 13 எபிசோடு, ஐந்து மணி நேரம். அக்கா மகள் கோபிக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கினோம். மதியம் அரிசி பருப்புச் சாதம் சாப்பிட மட்டும் எழுந்தோம். நாலு மணிக்கு முடிந்தது.